வாயில்லா நோயாளி



முதுமையையும் நோயையும் பற்றிப் பேசப்போகிறேன் என்றால், தாத்தா பாட்டிமாரைப் பற்றியோ, உழுது ஓய்ந்த எருதைப் பற்றியோ சொல்லப்போகிறேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். இன்று நான் எடுத்துக்கொண்டது அவற்றினும் மிகச் சிறிய ஓர் உயிர். உள்ளங்கையில் அடங்கும் உடல். 70 முதல் 100 கிராம் வரை எடை. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளே வாழ்நாள். ஜெர்பில் என்பது அதன் பெயர். வீட்டில் வளர்க்கும் ஜெர்பில் கிழப்பருவம் எய்தி நோய்வாய்ப்பட்டால், வளர்த்தவர் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சு. "ஓர் எலிக்கா இத்தனை பேச்சு?" என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்களும் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன். சிறிய உயிரைப் பேணுவதில் உள்ள அறமும் அறிவும் சிறியவை அல்ல.

முதலில் இதன் ஊரும் உறவும் அறிவோம். ஜெர்பில் மங்கோலியாவிலும் வடசீனத்திலும் உள்ள வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்தது. பிரெஞ்சு நாட்டுப் பாதிரியாரும் இயற்கை நூலறிஞருமான அர்மாண்ட் டேவிட் 1866-இல் இதனைக் கண்டு பாரிஸ் நகரத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டில் இதற்கு விலங்கியற் பெயர் சூட்டப்பெற்றது. மெரியோனிஸ் என்பது அப்பெயரின் முற்பகுதி. கிரேக்கக் காவியமாகிய இலியட்டில் வரும் ஒரு வீரனின் பெயரும் அதுவே. பிற்பகுதிக்கு நகமுடையது என்று பொருள். எனவே நகமுள்ள வீரன் என்று இதனை வேடிக்கையாக அழைப்பர். 1954-இல் அமெரிக்க நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு வந்தது. பின்னர் அங்கிருந்து வீடுகளுக்குள் நுழைந்தது. நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இதனை வளர்ப்போர் சிலர் உளர்.

இதற்கு நம்மூரிலேயே ஓர் உறவினம் உண்டு. நம் வயல்களில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி இதன் குடும்பத்தைச் சேர்ந்ததே. இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுகிறது. தென்காசிப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் அதனை என்னிடம் நேராகவே கேட்டான். "ஐயா, வரப்பில் கண்டால் அடிக்கிறோம்; அதன் தம்பி கூண்டில் இருந்தால் மருந்து ஊட்டுகிறோம். இது என்ன நியாயம்?" என்றான்.

நல்ல கேள்வி. வெள்ளெலி கதிரைக் கொய்துகொண்டு போவதும் உழவர் அதனைத் தடுப்பதும் இருவரும் தத்தம் பிழைப்புக்காகச் செய்வன. வெள்ளெலிக்கு ஓடக் கால் உண்டு. ஒளிய வளை உண்டு. வேறு வயல் தேடிப் போகும் உரிமையும் உண்டு. கூண்டில் உள்ளதற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. நாம் வைத்தால் உணவு, நாம் நிரப்பினால் தண்ணீர். வெயில் அடித்தால் நிழலுக்கு நகர முடியாது. ஈரம் பட்டால் உலர்ந்த இடம் தேட முடியாது. அதன் வழிகளையெல்லாம் அடைத்துத் தாழ்ப்பாள் போட்ட கை எதுவோ, அந்தக் கையே அதற்குக் கடன்பட்ட கை. விலங்கு பெரிது சிறிது என்பதில் அன்று, அதன் வாழ்வு நம் கையில் வந்துவிட்டது என்பதிலேயே கடமை பிறக்கிறது.

இனி நோய்க்கு வருவோம். திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார்: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிசெய்பவன். பணிசெய்பவனையும் மருத்துவனோடு ஒப்ப எண்ணியது பெருமைக்குரிய செய்தி. உரையாசிரியர் பரிமேலழகர் இக்கூறு ஒவ்வொன்றையும் மேலும் நான்காக விரிக்கிறார். நோயாளியிடம் இருக்கவேண்டிய நான்கு யாவை? செலவுக்குப் பொருள் உடைமை. மருத்துவன் சொற்படி நடத்தல். தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்லுதல். மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல்.

நம் ஜெர்பிலை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். அதனிடம் காசு இல்லை. மருத்துவர் சொல் அதற்கு விளங்காது. நோவு எங்கே என்று சொல்ல வாய் இல்லை. கசப்பு மருந்தை ஏன் விழுங்க வேண்டும் என்பதும் தெரியாது. நான்கில் ஒன்றும் இல்லாத நோயாளி அது. ஆகவே அந்நான்கையும் உடனிருப்பவரே தம் பங்கோடு சேர்த்துச் சுமக்க வேண்டியவராகிறார். வாயில்லா உயிரைப் பேணுதல் மனிதரைப் பேணுவதினும் ஒரு வகையில் கடினமாவது இதனாலேதான்.

நான்கிலும் தலையாயது நோய்நிலை உணர்த்தல். பருந்துக்கும் ஆந்தைக்கும் நரிக்கும் இரையாகப் பிறந்த உயிர் தன் மெலிவை வெளியே காட்டாது. காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதான். ஆகையால் நாம் நோயைக் காணும்போது அது முற்றியிருத்தல் கூடும். காலத்தையும் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். நாற்பது மாதம் வாழும் உயிருக்கு ஒரு மாதம் என்பது எண்பது ஆண்டு வாழும் மனிதருக்கு இரண்டாண்டு போன்றது. "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அரை ஆண்டு தள்ளிப்போட்டோம் என்பது பொருள்.

ஆகவே அது சொல்லாததை நாம் எழுதி அறிய வேண்டும். என் பேத்தி சென்னையில் வாங்கிய ஜெர்பில் ஒன்றைத் தென்காசிக்குக் கொண்டுவந்தாள். அதற்கு மூன்று வயது நிரம்பியபோது, அவள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டாள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே வேளையில் சிறு தராசில் வைத்து எடையைக் குறித்தாள். 84 கிராம் இருந்தது ஐந்து வாரத்தில் 76 ஆயிற்று. எட்டுக் கிராம் தானே என்று தோன்றும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஐந்து வாரத்தில் ஏறக்குறைய ஆறு கிலோ இளைத்தால் வீடு சும்மா இருக்குமா? கண்ணால் பார்த்த எங்களுக்கு அது முன்போலவே தோன்றியது. மயிர் அடர்ந்த உடலாதலால் இளைப்புத் தெரியவில்லை. தராசுதான் முதலில் பேசிற்று.

எடையோடு வேறு சிலவும் பார்க்க வேண்டும். எலிக்குலத்தின் முன்வெட்டுப் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. கடித்துத் தேய்க்கும் வலிமை குன்றினால் அவை நீண்டு வளைந்து வாயை மூடவிடா. உணவு முன்னிருந்தும் பட்டினி கிடக்க நேரும். வயிற்றின் நடுவில் உள்ள மணச்சுரப்பியில் முதுமையில் கட்டி தோன்றுவதுண்டு. முதலில் ஒரு பருப்பளவு புண்போல இருக்கும். தண்ணீர்ப் புட்டி வழக்கத்தைவிட விரைவில் காலியானால் சிறுநீரகம் தளர்கிறது என்று ஐயுறலாம். வறண்ட நிலத்து விலங்காதலால், உடல் நலத்தோடு உள்ளபோது அது மிகச் சிறிதே நீர் பருகும். புழுக்கையின் அளவும் இறுக்கமும் மாறினால் குறிக்க வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்ந்தாலும், ஒரு பக்கத்துக் காலும் கையும் திடீரெனத் தளர்ந்தாலும், காதின் உட்புறத்து நோயாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம். எதுவென்று முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். அவரிடம் சொல்லச் செய்தி தேடி வைப்பது நம் வேலை.

இங்கே நம் ஊரைப் பற்றியும் ஒரு சொல். புத்தகங்களில் எழுதியிருப்பதை நம் ஊர்க் காற்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தில் அருவியாகவும் தென்காசியில் சாரலாகவும் நமக்கு இன்பம் தருகிறது. தென்காசிக் காசி விசுவநாதர் கோயில் வாயிலில் அந்தக் காற்று ஆளைத் தள்ளுவதை அறியாதார் யார்? நாடெங்கிலும் இருந்து மக்கள் தேடிவரும் அதே சாரல், மங்கோலிய வறட்சிக்குப் பிறந்த இவ்வுயிருக்குத் துன்பமாகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அதன் மயிர் பிசுபிசுத்துக் கற்றையாகும். மூக்கைச் சுற்றிச் செம்மை படரும். கண்ணின் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் செந்நிறக் கசிவு அது. பலர் குருதி என்று அஞ்சுவர். கசிவு துடைபடாமல் தங்கினால் மூக்கின் ஓரம் புண்ணாகும். இளமையில் அது மணலில் புரண்டு தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும். முதுமையில் அதற்கும் வலுவிராது.

ஆதலின் சாரல் காலத்தில் தொட்டியைச் சன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்ற வேண்டும். அடியில் பரப்பும் காகித நறுக்குகளை ஈரம் கோக்குமுன் மாற்ற வேண்டும். தூசியில்லாத நுண்மணலைக் கழுவி உலர்த்தி, ஆழமில்லாத தட்டில் நாள்தோறும் சிறிது நேரம் வைக்கலாம். குளிரால் நடுங்கினால், கோழிக்குஞ்சுக்குச் செய்வதுபோல ஒரு சிறு மின்விளக்கைத் தொட்டிக்கு வெளியே ஒரு மூலையில் மட்டும் எரியவிடலாம். வெப்பம் மிகுந்தால் விலகிப் போக மறுபக்கம் குளிர்ச்சியாக இருத்தல் வேண்டும். மழையில் நடுங்கிய மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் போற்றுகிறோம். அந்த அருளோடு, போர்வை வேண்டாதபோது மயில் விலகிப்போகும் வசதியையும் சேர்த்து நினைப்பதே இன்றைய அறிவு.

பிறகு, வீட்டை நோயாளிக்கு ஏற்பத் தாழ்த்த வேண்டும். பாட்டிக்கு மாடியிலிருந்து கீழறைக்குக் கட்டிலை இறக்குகிறோம் அல்லவா? அதுபோலத்தான். ஏணியும் மேல்தட்டும் சுழல்சக்கரமும் எடுக்கப்பட வேண்டும். தண்ணீர்ப் புட்டியின் முனை, படுத்தபடியே எட்டும் உயரத்துக்கு இறங்க வேண்டும். உணவைத் தரையிலேயே தூவலாம். ஆனால் பழகிய கூட்டையும் பழகிய மணத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடலாகாது. கண் மங்கிய கிழ உயிருக்கு மணமே வழிகாட்டி.

கடினமான தானியத்தைக் கடிக்க இயலாதபோது தினையையோ ஓட்ஸையோ உப்பின்றிக் குழைய வேகவைத்து ஆற்றித் தரலாம். சூரியகாந்தி விதை அதற்கு மிகப் பிரியம். ஆனால் கொழுப்பு மிகுதியாதலால் இளமையில் அளவோடுதான் தருவோம். இளைத்த கிழத்துக்கு அதையே நுணுக்கிச் சிறிது கலக்கலாம். தானே உண்ணாதபோது, ஊசி நீக்கிய சிறு சிரிஞ்சினால் கடைவாயோரத்தில் துளித்துளியாக விட வேண்டும். மல்லாத்திப் பிடித்து ஊட்டவே கூடாது. உணவு மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வாலைப் பிடித்துத் தூக்குவதும் ஒருபோதும் ஆகாது. வாலின் தோல் உரிந்து கழன்றுவிடும். இரு உள்ளங்கைகளையும் குழித்து, கீழிருந்து ஏந்துவதே முறை. பக்கவாதம் கண்டவையும், வெதுவெதுப்பும் உணவும் அமைதியும் கிடைத்தால் சில நாளில் தேறி நடப்பதுண்டு. ஆகவே முதல் நாளிலேயே கைவிட வேண்டாம்.

மருந்தைப் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை. நமக்கு ஆகும் மருந்து அதற்கும் ஆகும் என்று எண்ணலாகாது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டறியப்பட்ட மருந்து. காசநோயால் மடிந்துகொண்டிருந்த எண்ணற்ற மக்களை அது காத்தது. அதே ஸ்ட்ரெப்டோமைசின் ஜெர்பிலுக்கு நஞ்சு. எனவே வீட்டு அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரையில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கொடுப்பது வைத்தியம் ஆகாது. 80 கிராம் உடலுக்கு எத்தனை துளி என்பதைக் கற்றவரே கணக்கிட வேண்டும். நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவக் கல்வி 1903-இலேயே சென்னையில் தொடங்கிவிட்டது. திருநெல்வேலி இராமையன்பட்டியிலும் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. மாட்டையும் ஆட்டையும் நாளெல்லாம் பார்க்கும் மருத்துவருக்கு ஜெர்பில் புதிதாக இருக்கலாம். அதற்காக அவர் மீது குறைகாண வேண்டியதில்லை. நாம் எழுதிவைத்த குறிப்பேடு அவருக்குப் பாதி வேலையை முடித்துத் தரும்.

பொருளுடைமையையும் மறைக்காமல் பேசுவோம். வாங்கிய விலையைவிட மருத்துவச் செலவு மிகும் என்பது உண்மை. என் மகனே, "இந்தக் காசுக்குப் புதிதாக இரண்டு வாங்கலாமே" என்றான். என் பேத்தி அதற்கு, "அப்பா, புதிதாக வாங்கினால் இதற்கு வலி போய்விடுமா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் அவனே வண்டியை எடுத்தான். ஆயினும் எல்லா வீட்டிலும் பணம் ஒன்றுபோல் இராது. ஆகவே இளைஞர்களே, ஒரு விலங்கை வாங்கும் நாளிலேயே அதன் கடைசி ஆண்டுக்கான செலவையும் உழைப்பையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். சேர்த்தபின் இயலாது என்று தோன்றினால், வாங்காமல் இருப்பதே அருள்.

இன்னொரு வழியும் சிலர் சொல்வதுண்டு: "குற்றாலத்து மலையடிவாரத்தில் கொண்டு விட்டுவிடுங்கள், காட்டில் பிழைத்துக்கொள்ளும்." கேட்க இனிய சொல், செய்கையில் கொடுமை. பல தலைமுறையாகக் கூண்டில் பிறந்த உயிர், அதிலும் கண் மங்கிக் கால் தளர்ந்தது, அந்த ஈரக்காட்டில் ஓர் இரவைத் தாண்டுவதே அரிது. நலமுள்ளதை விட்டாலும் தீங்கே. நம் மேற்குத் தொடர்ச்சி மலை அதன் அரிய உயிரினங்களுக்காக 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. அயல்நாட்டு விலங்கையும் அதனோடு வரும் நோயையும் கொண்டுபோய்க் கொட்டும் இடமா அது?

சட்டமும் இதனை ஒப்பாது. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனியாக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தில் விலங்கு என்ற சொல் மனிதர் நீங்கலான எந்த உயிரையும் குறிக்கும். வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமையும், பசி தாகத்தால் துன்புறும்படி கைவிடுதலும் அதன்படி குற்றங்கள். யானைக்கு ஒரு சட்டம், எலிக்கு ஒரு சட்டம் என்று அது இக்கடமையைப் பிரிக்கவில்லை.

இறுதியாக, சொல்லத் தயக்கம் தரும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லா நோயும் தீராது. தீராத நோயில் வலியின்றி உயிர் பிரியச் செய்யும் முறை மருத்துவரிடம் உண்டு. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் மரபில் இதற்கு மனம் ஒப்பாதவர் பலர். அவர்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான். நம் அலுப்புக்காக அதன் வாழ்நாளைக் குறைப்பதும் தவறு. நம் பிரிவாற்றாமைக்காக அதன் வேதனையை நீட்டுவதும் தவறு. தராசின் ஒரு தட்டில் அதன் வலியும் மறுதட்டில் அதன் மகிழ்ச்சியும் இருக்கட்டும். நம் வசதியும் நம் கண்ணீரும் எத்தட்டிலும் ஏறலாகாது.

என் பேத்தி அந்த நோட்டிலேயே நாள்தோறும் ஒரு குறி இட்டு வந்தாள். உண்டு, காகிதத்தைக் கிழித்துக் கூடு திருத்திய நாள் நல்ல நாள். உண்ணாமல் முதுகு குவித்துக் கிடந்த நாள் துன்ப நாள். வயிற்றுக் கட்டி பெரிதாகிவிட்டது; அந்த வயதில் அறுவை தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்று மாதத்தில் பெரும்பாலானவை நல்ல நாள்களாகவே இருந்தன. பிறகு ஒரு வாரத்தில் துன்ப நாள் ஐந்து, நல்ல நாள் இரண்டு என்று ஆயிற்று. அதற்கடுத்த வாரத்தில் நல்ல நாளே இல்லை. பக்கத்தை என்னிடம் காட்டி, "தாத்தா, இனி நாம் கேட்கலாமா?" என்றாள். மருத்துவரைக் கேட்டோம். அவரும் அதுவே தக்கது என்றார். அவள் கையிலேயே அது கண்மூடியது. அவள் அழுதாள்; ஆனால் செய்ததைப் பற்றி ஐயுறவில்லை. நோட்டு அவளுக்குத் துணைநின்றது.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், வகுப்பில் உரக்கப் பேசும் பிள்ளையைவிடப் பேசாதிருக்கும் பிள்ளையையே மிகுதியாகக் கவனிக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். முப்பதாண்டுக்கு மேல் அது எனக்குப் பயன்பட்டது. வீட்டிலும் அப்படித்தான். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையும், சொல்ல விரும்பாத பாட்டியும், சொல்ல வாயில்லாத விலங்கும் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். பரிமேலழகர் பணிசெய்பவனிடம் எதிர்பார்த்த குணங்கள் நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னபடி செய்யும் திறமை, அறிவு என்பன. நான்கையும் ஏட்டில் படித்துத் தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் நள்ளிரவில் எழுந்து ஒரு சிற்றுயிரின் வாயில் ஒரு துளி நீர் விடும்போதுதான் அவை கைவரும். உங்களுள் யாருடைய வீட்டிலேனும் ஒரு கிழ நாயோ, முயலோ, கூண்டெலியோ இன்று ஒரு மூலையில் சுருண்டு கிடக்குமானால், இப்பேச்சு முடிந்ததும் எழுந்து போய் அதன் தண்ணீர் எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.